அரிவாள் செல் சோகை: சிசு ரத்தத்தில் இருந்த விடை

அரிவாள் செல் சோகையோடு பிறக்கும் குழந்தைக்குப் பிறந்த கையோடு எந்தத் தொந்தரவும் இருக்காது. நன்றாகப் பால் குடிக்கும், எடை ஏறும், குப்புற விழும், தவழப் பார்க்கும். ஐந்தாறு மாதம் ஆன பிறகுதான் நோய் தலைகாட்டத் தொடங்கும். பல குழந்தைகளுக்கு அதன் முதல் அடையாளம் கைவிரல்களும் கால்விரல்களும் வீங்கிக்கொள்வதுதான். தொட்டால் குழந்தை வீரிட்டு அழும். எங்காவது இடித்துக்கொண்டதோ, பூச்சி ஏதும் கடித்துவிட்டதோ என்று பெற்றோர் தேடுவார்கள். காயம் எதுவும் தென்படாது. விரல் எலும்புகளுக்குள் ரத்த ஓட்டம் அடைபட்டதால் வந்த வலி அது.

பழுதான மரபணு கருவிலேயே வந்துவிட்டது. பிறகு ஏன் நோய் சில மாதம் பொறுத்திருந்து வருகிறது? 1948இல் எழுந்த இந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்து போன ஆராய்ச்சிதான், 75 ஆண்டுகள் கழித்து, உலகில் அனுமதி பெற்ற முதல் கிரிஸ்பர் மரபணுத் திருத்தச் சிகிச்சையைத் தந்தது. நோய் அடங்கியிருக்கும் அதே மாதங்கள்தான் அதைக் கண்டுபிடிக்கவும் மிகவும் ஏற்ற காலம். புதிய சிகிச்சையைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு நாம் இந்த இரண்டாவது செய்தியைப் பேசுவதில்லை. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஓர் எழுத்து மாறினால்

1904ஆம் ஆண்டின் இறுதியில், கரீபியன் கடலில் உள்ள கிரெனடா தீவிலிருந்து பல் மருத்துவம் படிக்க வந்த ஓர் இளைஞர் சிகாகோ மருத்துவமனை ஒன்றில் சேர்க்கப்பட்டார். அவருடைய ரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்த பயிற்சி மருத்துவர் எர்னஸ்ட் அயன்ஸுக்கு வியப்பு. வட்டமாக இருக்க வேண்டிய சிவப்பணுக்கள் சில நீண்டு, வளைந்து, அரிவாள் போலக் காணப்பட்டன. அயன்ஸின் மேலதிகாரி ஜேம்ஸ் ஹெரிக் 1910இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். மேற்கத்திய மருத்துவ இதழ்களில் இந்த நோய் பதிவானது அப்போதுதான்.

அணு ஏன் வளைகிறது என்பது தெரிய மேலும் 40 ஆண்டுகள் ஆயின. 1949இல் லைனஸ் பாலிங்கும் அவருடைய குழுவினரும், நோயாளிகளின் ஹீமோகுளோபின் மற்றவர்களுடையதைப் போல் இல்லை என்பதை மின்புலத்தில் ஓடவிட்டுக் காட்டினார்கள். ஒரு நோயின் வேர் ஒரே ஒரு மூலக்கூறில் இருக்க முடியும் என்று முதன்முதலாக நிறுவப்பட்டது அந்த ஆய்வில்தான். அடுத்து, கேம்பிரிட்ஜில் வெர்னான் இங்ராம் அந்த வேறுபாடு எங்கே இருக்கிறது என்று தேடினார். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் இருக்க வேண்டிய குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதிலாக வாலின் என்ற அமினோ அமிலம் இருந்தது. மரபணுவில் பார்த்தால் ஒரே ஓர் எழுத்து: ‘ஏ’ இருக்க வேண்டிய இடத்தில் ‘டி’.

ஒரு சிவப்பணுவுக்குள் ஏறத்தாழ 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் இருக்கின்றன. நோயாளியின் உடலில் அவை ஆக்ஸிஜனை இறக்கிவிட்டவுடன் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழைகளாகிவிடுகின்றன. இழை நீள நீள, அணுவின் உருவமும் அதற்கேற்ப இழுபடுகிறது. மெத்தென்று வளைந்து நுண்குழாய்களில் நுழைய வேண்டிய அணு விறைத்துப்போய், குழாயின் சுவரில் ஒட்டி வழியை அடைக்கிறது. அடைபட்ட இடத்துக்கு அப்பால் திசுக்கள் ஆக்ஸிஜன் இல்லாமல் துடிக்கின்றன. எலும்பிலும் மார்பிலும் முதுகிலும் நோயாளிகள் அனுபவிக்கும் தாங்கமுடியாத வலியின் காரணம் இதுவே. மூளையில் நேர்ந்தால் பக்கவாதம். மண்ணீரல் சிறு வயதிலேயே செயலிழந்துவிடுவதால் கிருமித்தொற்றை எதிர்க்கும் வலுவும் போய்விடுகிறது. இயல்பான சிவப்பணு 120 நாள் வாழும். வளைந்த அணுவோ 10 முதல் 20 நாளில் உடைந்துவிடும். ரத்தசோகை வருவது அதனால்தான்.

குழந்தையைக் காப்பது எது?

1948இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் பணியாற்றிய குழந்தை மருத்துவர் ஜேனட் வாட்சன், நோயுள்ள பச்சிளங்குழந்தைகளின் ரத்தத்தில் வளையும் அணுக்கள் மிகக் குறைவாக இருப்பதைக் கவனித்தார். சிசுவுக்கே உரிய ஹீமோகுளோபின்தான் அவர்களைக் காக்கிறது என்று அவர் கருதினார். அது சரியாக இருந்தது.

கருப்பையில் குழந்தைக்கு நுரையீரல் வழியாக ஆக்ஸிஜன் கிடைப்பதில்லை. தாயின் ரத்தத்திலிருந்துதான் அதை இழுத்துக்கொள்ள வேண்டும். அதற்கென்றே ஆக்ஸிஜனை இறுகப் பற்றும் வேறொரு ஹீமோகுளோபின் சிசுவுக்கு உண்டு. அதில் பீட்டா சங்கிலிக்குப் பதில் காமா சங்கிலி. பழுது பீட்டாவில்தான் என்பதால் சிசு ஹீமோகுளோபினுக்கு அது ஒட்டுவதில்லை. அதோடு, இந்தச் சிசு ஹீமோகுளோபின் இழைகளில் சேராமல் அவை நீள்வதையும் தடுக்கிறது. பிறந்த சில மாதங்களில் உடல் காமா உற்பத்தியைக் கைவிட்டு பீட்டாவுக்கு மாறுகிறது. மாற்றம் முடியும் வேளையில் நோய் வெளிப்படுகிறது.

சிலருக்கு மட்டும் இந்த மாற்றம் முழுமையாக நடப்பதில்லை. வளர்ந்த பிறகும் அவர்கள் உடலில் சிசு ஹீமோகுளோபின் சுரந்துகொண்டே இருக்கும். அதனால் அவர்களுக்கு எந்தக் கெடுதலும் இல்லை. இப்படிப்பட்டவர்களுக்கு அரிவாள் செல் மரபணுவும் சேர்ந்து வந்தால் நோயின் கடுமை வெகுவாகக் குறைந்திருப்பதை மருத்துவர்கள் கண்டார்கள். சவூதி அரேபியாவின் கிழக்குப் பகுதியிலும் இந்தியாவிலும் நோயாளிகள் பலருக்குச் சிசு ஹீமோகுளோபின் ஆப்பிரிக்க நோயாளிகளைவிடக் கூடுதலாக இருப்பதும் தெரியவந்தது. நம் நாட்டில் எல்லாருக்கும் நோய் லேசாகத்தான் வரும் என்று இதற்குப் பொருள் இல்லை. மத்திய இந்தியாவில் கடுமையாகப் பாதிக்கப்படுகிறவர்கள் ஏராளம். ஆனால் ஒன்று உறுதியானது. பழுதான எழுத்தைத் தொடாமலே, சிசு ஹீமோகுளோபினை மீண்டும் சுரக்கவைத்தால் நோயை அடக்கிவிடலாம்.

அந்த வழியில் கிடைத்த முதல் மருந்து ஹைட்ராக்ஸியூரியா. புற்றுநோய்க்குப் பயன்பட்ட இந்த மாத்திரை சிசு ஹீமோகுளோபினைக் கூட்டுவது தெரிந்து, 1995இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று வலித் தாக்குதல்கள் ஏறக்குறையப் பாதியாகக் குறைவதை உறுதிசெய்தது. மலிவான மாத்திரை. அவ்வப்போது ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு தினமும் சாப்பிட வேண்டும். எல்லாருக்கும் ஒரே அளவில் பலன் தராது என்பதுதான் குறை.

தடுப்பவரைத் தடுப்பது

பீட்டாவுக்கு மாறும்படி உடலுக்குக் கட்டளையிடுவது எது? 2007, 2008 ஆண்டுகளில், ஆயிரக்கணக்கானோரின் மரபணுக்களை ஒப்பிட்ட ஆய்வுகள் பிசிஎல்11ஏ என்ற மரபணுவைச் சுட்டிக்காட்டின. பாஸ்டனில் ஸ்டூவர்ட் ஆர்கினின் ஆய்வகத்தில் இருந்த விஜய் சங்கரனும் மற்றவர்களும், காமா மரபணுவை அடக்கிவைப்பது இந்த பிசிஎல்11ஏ தயாரிக்கும் புரதம்தான் என்று 2008இல் காட்டினார்கள். 2011இல் நோயுள்ள எலிகளின் சிவப்பணுக்களில் அதை நீக்கிப் பார்த்தார்கள். எலிகளின் நோய் தணிந்தது.

ஒரு சிக்கல் இருந்தது. பிசிஎல்11ஏ மூளைக்கும் தேவை, நோய் எதிர்ப்பு அணுக்களுக்கும் தேவை. அடியோடு அழித்தால் வேறு கேடுகள் வரும். 2013இல் அதற்கும் வழி பிறந்தது. சிவப்பணுவாக வளரும் அணுக்களில் மட்டும் இந்த மரபணுவை முடுக்கிவிடும் ஒரு சிறு பகுதியைக் கண்டுபிடித்தார்கள். வீட்டின் மெயின் சுவிட்சைத் தொடாமல், ஓர் அறையின் விளக்கை மட்டும் அணைப்பது போல, அந்தப் பகுதியைக் குலைத்தால் போதும். மற்ற அணுக்களில் பிசிஎல்11ஏ தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

இதற்குச் சற்று முன், 2012இல், எமானுவேல் ஷார்பான்டியேவும் ஜெனிஃபர் டௌட்னாவும் கிரிஸ்பர் கருவியை உருவாக்கியிருந்தார்கள். வைரஸை எதிர்க்கப் பாக்டீரியாக்கள் வைத்திருக்கும் தற்காப்பு முறையிலிருந்து பிறந்தது அது. எந்த இடத்தை வெட்ட வேண்டும் என்பதை ஓர் ஆர்என்ஏ துண்டு காட்டிக்கொடுக்கும், காஸ்9 என்ற நொதி அங்கே போய் வெட்டும். 2020இல் இருவருக்கும் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

சிகிச்சை நடக்கும் விதம்

நோயாளியின் எலும்பு மஜ்ஜையில் இருந்து ரத்த அணுக்களை உருவாக்கும் ஸ்டெம் செல்களை மருந்து கொடுத்து ரத்தத்துக்குள் வரவழைக்கிறார்கள். கையிலிருந்து ரத்தத்தை எடுத்து, இயந்திரத்தில் செலுத்தி, ஸ்டெம் செல்களை மட்டும் பிரித்துக்கொண்டு மீதியை உடலுக்கே திருப்பிவிடுகிறார்கள். போதிய செல்கள் சேரும்வரை இதைப் பலமுறை செய்ய நேரும். அந்தச் செல்கள் ஆய்வுக்கூடம் போகின்றன. மின்துடிப்பு கொடுத்தால் செல்லின் சவ்வில் நொடிப்பொழுது துளைகள் திறக்கும். அவற்றின் வழியே கிரிஸ்பர் உள்ளே போய், பிசிஎல்11ஏவின் அந்தச் சிறு பகுதியை வெட்டுகிறது. திருத்திய செல்களை உறைநிலையில் வைத்துச் சோதித்து, மருத்துவமனைக்குத் திருப்பி அனுப்ப மாதக்கணக்கில் ஆகும்.

பிறகு கடினமான கட்டம். திருத்திய செல்களுக்கு மஜ்ஜையில் இடம் வேண்டும். பழைய செல்களை அழிக்க புசல்ஃபான் என்ற வீரியமான கீமோதெரபி மருந்து ஏற்றப்படுகிறது. முடி கொட்டும், வாய் புண்ணாகும், தொற்று எளிதில் பற்றும், பிள்ளைப்பேறு வாய்ப்பும் பாதிக்கப்படக்கூடும். புதிய செல்கள் மஜ்ஜையில் வேர்பிடிக்கும்வரை வாரக்கணக்கில் மருத்துவமனையில் தனித்திருக்க வேண்டும்.

2019 ஜூலையில் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தைச் சேர்ந்த விக்டோரியா கிரே இந்தச் சிகிச்சையை ஏற்றார். அமெரிக்காவில் மரபணு நோய்க்காக கிரிஸ்பர் சிகிச்சை பெற்ற முதல் நபர் அவர். அடிக்கடி மருத்துவமனைக்கு ஓடவைத்த வலித் தாக்குதல்கள் நின்றன. அதற்குப் பிறகு தன் அனுபவத்தை உலகறியப் பேசிவருகிறார். போதிய காலம் கண்காணிக்கப்பட்ட 31 பேரில் 29 பேருக்குக் குறைந்தது ஓராண்டுக்குக் கடும் வலித் தாக்குதல் வரவே இல்லை. கேஸ்ஜெவி என்ற இந்தச் சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டனும், டிசம்பரில் அமெரிக்காவும் அனுமதி அளித்தன. வெட்டக் கூடாத இடத்தில் வெட்டு விழுந்திருக்கிறதா, பிற்காலத்தில் பக்கவிளைவு வருகிறதா என்பதை அறிய, சோதனையில் பங்கேற்றவர்களை 15 ஆண்டுகள் தொடர்ந்து கண்காணிக்கிறார்கள்.

அனுமதி பெற்றபோது அமெரிக்காவில் இதன் விலை 22 லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 18 கோடி ரூபாய்.

நீலகிரிக்கும் வேலூருக்கும்

இந்த விலையைப் படிக்கும்போது நினைவுக்கு வர வேண்டிய இடம் நீலகிரி. 1952இல் ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷும் இந்தியாவில் இந்த மரபணு இருப்பதை முதன்முதலில் பதிவுசெய்தது நீலகிரிப் பழங்குடிகளிடம்தான். மலேரியா பரவிய காட்டுப் பகுதிகளில் இது நிலைத்ததற்கும் காரணம் உண்டு. பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் இந்த மரபணுவைப் பெற்றவருக்கு நோய் வருவதில்லை, கடுமையான மலேரியாவும் அவரை எளிதில் தாக்குவதில்லை. 1954இல் அந்தோணி அலிசன் இதை ஆப்பிரிக்காவில் நிறுவினார். இருவரிடமிருந்தும் பெற்ற குழந்தைக்கே நோய். இன்றும் கூடலூர், பந்தலூர் பக்கம் பணியர், இருளர், குறும்பர் குடியிருப்புகளில் இந்த நோயோடு வாழ்கிறார்கள். கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையும், கோத்தகிரியில் இயங்கும் நீலகிரி ஆதிவாசி நலச் சங்கமும் பல ஆண்டுகளாக இவர்களுக்குச் சிகிச்சை அளித்துவருகின்றன. தேயிலைத் தோட்டத்தில் தினக்கூலி வாங்கும் குடும்பத்துக்கு 18 கோடி என்பது விலையே அல்ல, மறுப்பு.

அதனால்தான் உள்நாட்டு ஆய்வுகள் முக்கியமாகின்றன. டெல்லியின் ஐஜிஐபி நிறுவனத்தில் தேபோஜ்யோதி சக்கரவர்த்தியின் குழு, காஸ்9 நொதியின் இன்னொரு வடிவத்தைச் செம்மைப்படுத்தி அரிவாள் செல் நோய்க்கான சிகிச்சையை உருவாக்கியிருக்கிறது. பழங்குடித் தலைவர் பிர்சா முண்டாவின் பெயரால் ‘பிர்சா 101’ என்று அழைக்கப்படும் இது 2025 நவம்பரில் அறிமுகமானது. வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியின் பாகாயம் வளாகத்தில் உள்ள ஸ்டெம் செல் ஆய்வு மையத்தில், டிஎன்ஏவை வெட்டாமல் ஓர் எழுத்தை மட்டும் மாற்றும் முறையைக் கையாள்கிறார்கள். காமா மரபணுவின் முகப்புப் பகுதியில் எந்தெந்த எழுத்தை மாற்றினால் சிசு ஹீமோகுளோபின் கூடும் என்று ஒவ்வொன்றாகச் சோதித்து 2022இல் பட்டியலிட்டார்கள். இவை இன்னும் வழக்கமான சிகிச்சையாக நோயாளிகளை எட்டாதவை.

மருத்துவமனை வரை வந்த சாதனையும் வேலூரில் உண்டு. அலோக் ஸ்ரீவஸ்தவா தலைமையிலான குழு, கடுமையான ஹீமோஃபிலியா உள்ள ஐந்து பேரின் சொந்த ஸ்டெம் செல்களை எடுத்து, அவற்றில் தேவையான மரபணுவைச் சேர்த்துத் திருப்பிச் செலுத்தியது. கண்காணிப்புக் காலத்தில் அவர்களுக்கு ரத்தக்கசிவு ஏற்படவில்லை என்று 2024 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. நோய் வேறு. ஆனால் செல்லை எடுப்பது, திருத்துவது, மஜ்ஜையை ஒழிப்பது, திருப்பிச் செலுத்துவது என்ற படிகள் அதேதான். அவற்றைத் தமிழ்நாட்டில் ஒரு மருத்துவமனையால் செய்து முடிக்க முடிந்திருக்கிறது.

கீமோதெரபியே இல்லாத நாள் வரலாம். 2025இல் அமெரிக்காவின் ஃபிலடெல்பியாவில், அரிதான கல்லீரல் நொதிக் குறைபாட்டோடு பிறந்த ஒரு கைக்குழந்தைக்கென்றே தனி மருந்து வடிவமைத்து, கொழுப்புத் துகள்களில் பொதிந்து ஊசி வழியே செலுத்தினார்கள். மரபணுத் திருத்தம் உடலுக்குள்ளேயே நடந்தது. துகள்கள் தானாகக் கல்லீரலுக்குப் போய்ச் சேர்வது அங்கே வசதியாயிற்று. மஜ்ஜைக்குள் இருக்கும் ஸ்டெம் செல்களைத் தேடிப்போகும் துகள்களைத் தயாரிப்பதுதான் இப்போதைய சவால். அது கைகூடினால் தனி அறையும் பல மாதக் காத்திருப்பும் வேண்டாம், விலையும் இறங்கும்.

ஒரு சொட்டு ரத்தம் போதும்

அதுவரை? நோயைச் சீக்கிரம் கண்டுபிடிப்பதுதான் உயிர்காக்கும் வழி. இதில் எந்தப் பரிசோதனை எதற்கு என்பது தெரிந்திருக்க வேண்டும்.

கிராமங்களில் நடக்கும் முகாம்களில் பழக்கமானது கரைதிறன் பரிசோதனை. சிறு கண்ணாடிக் குழாயில் உள்ள கரைசலில் ஒரு சொட்டு ரத்தம் விட்டு, ஐந்து நிமிடம் கழித்துக் குழாய்க்குப் பின்னால் கோடு போட்ட அட்டையைப் பிடிப்பார்கள். கோடுகள் தெளிவாகத் தெரிந்தால் அரிவாள் ஹீமோகுளோபின் இல்லை. கரைசல் கலங்கிக் கோடுகள் மறைந்தால் இருக்கிறது. ஆனால் நோயாளியையும், மரபணுவை மட்டும் சுமக்கும் கேரியரையும் இது பிரித்துச் சொல்லாது. பச்சிளங்குழந்தைக்கு இது உதவவும் உதவாது. குழந்தையைக் காக்கும் சிசு ஹீமோகுளோபின் அங்கே நோயை மறைத்துவிடுகிறது. ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் ஹெச்பிஎல்சி கருவியில் பார்த்தால்தான் உறுதியாகும். இப்போது வந்திருக்கும் அட்டைக் கருவிகள் இந்த இடைவெளியை நிரப்புகின்றன. கர்ப்பம் பார்க்கும் கருவியில் வருவதுபோலவே இதிலும் கோடுகள் தோன்றும். குதிகாலில் குத்தி எடுத்த ஒரு சொட்டில், பிறந்த குழந்தைக்கும் சில நிமிடங்களில் முடிவு சொல்லிவிடும்.

பிறந்தவுடன் தெரிந்துகொள்வதால் என்ன லாபம்? 1986இல் அமெரிக்காவில் நடந்த ஆய்வு இதற்குத் தெளிவான பதில் தந்தது. நோயுள்ள சிறு குழந்தைகளுக்குத் தினமும் பென்சிலின் மாத்திரை கொடுத்தபோது நியூமோகாக்கஸ் கிருமியால் வரும் கடுந்தொற்று 84 விழுக்காடு குறைந்தது. கிரிஸ்பருக்குப் பல்லாண்டுகள் முன்பே, சில ரூபாய் மாத்திரை பல குழந்தைகளைக் காப்பாற்றியது. ஆனால் யாருக்குக் கொடுப்பது என்று தெரிந்தால்தானே கொடுக்க முடியும்?

இந்திய அரசு 2023 ஜூலையில் தொடங்கிய தேசிய ஒழிப்புத் திட்டம், 40 வயதுக்குட்பட்ட 7 கோடிப் பேரைப் பரிசோதிக்க இலக்கு வைத்தது. ஐந்து கோடிக்கும் மேற்பட்டோர் பரிசோதிக்கப்பட்டிருக்கிறார்கள். பெரிய வேலை, பாராட்ட வேண்டியது. அதோடு நின்றுவிடக் கூடாது. பரிசோதனை முடிவு எழுதிய அட்டை கையில் இருந்து, அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹைட்ராக்ஸியூரியா இல்லை என்றால் அந்த அட்டையால் பயனில்லை. கேரியர் என்று தெரிந்த பெண்ணுக்கு வரன் தட்டிப்போகும் நிலை வந்தால், அடுத்த முகாமுக்கு யாரும் வர மாட்டார்கள். கேரியர் நோயாளி அல்ல. இரு கேரியர்கள் மணந்தாலும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்புதான். இதை அவர்களுடைய மொழியில், பொறுமையாக, அவர்களிடையே இருந்தே வந்த சுகாதாரப் பணியாளர்கள் சொல்ல வேண்டும்.

மரபணுத் திருத்தம் வேண்டுமா, மாத்திரை வேண்டுமா என்று கேட்பது தவறு. ஒன்று இல்லாமல் மற்றொன்று போய்ச் சேராது. நாளை விலை இறங்கி மரபணுச் சிகிச்சை கைக்கு எட்டினாலும், அதைப் பெறப்போவது அதுவரை உயிரோடும், பக்கவாதம் தாக்காமலும், உறுப்புகள் கெடாமலும் வளர்ந்துவந்த இளைஞர்தான். அந்த இளைஞர் இன்று பச்சிளங்குழந்தை. நோய் பரவலாக உள்ள ஒவ்வொரு மாவட்டத்திலும் பிரசவ வார்டிலேயே குதிகால் ரத்தம் எடுக்க வேண்டும். நோயுள்ள குழந்தைக்கு இரண்டு மாதத்திலேயே பென்சிலின் தொடங்க வேண்டும், தடுப்பூசிகள் தவறக் கூடாது. உரிய வயதில் ஹைட்ராக்ஸியூரியா ஒரு நாளும் தடைபடாமல் கிடைக்க வேண்டும். இதற்குத் தேவையான அறிவியல் எல்லாம் ஏற்கெனவே கையில் இருக்கிறது. செலவும் நம் அரசுகளுக்கு எட்டாததல்ல. வேலூரிலும் டெல்லியிலும் நடக்கும் ஆராய்ச்சிக்குப் பணமும் காலமும் தாராளமாகக் கொடுப்போம். கூடவே, அந்த ஆராய்ச்சி பலன் தரும் நாளில் அதைப் பெற்றுக்கொள்ள இந்தக் குழந்தைகள் நலமாக இருக்கும்படி இன்றே பார்த்துக்கொள்வோம்.